தொட்டிக்கு அடியில் காற்று

சுவரோடு ஒட்டாமல், குளியலறையின் நடுவிலோ சன்னலோரத்திலோ நான்கு புறமும் இடம் விட்டு நிறுத்தப்படும் குளியல் தொட்டி, பார்வைக்கு எதனோடும் பிணைப்பில்லாத பொருளாகத் தோன்றினாலும், வீட்டில் நீர் புழங்கும் கலன்கள் அனைத்திலும் தரைக்கு அடியில் மிகுந்த முன்யோசனையைக் கேட்பது அதுவே. சுவரில் பதித்த தொட்டியின் குழாய்கள் சுவருக்குள் மறைந்துகொள்ளும். பழுது பார்ப்பதற்கென்று அடுத்த அறையின் பக்கமாகக் கழற்றக்கூடிய ஒரு பலகையையும் வைத்துக்கொள்ளலாம். தனித்து நிற்கும் தொட்டிக்கு அந்த வசதி கிடையாது. அதன் வடிகால் இணைப்பைக் கையால் தொட வேண்டுமானால் பெரும்பாலும் தொட்டியையே தூக்கியாக வேண்டும். முதல் முறையே சரியாக அமைந்துவிட வேண்டிய இந்த வேலையைக் கூர்ந்து பார்த்தால், அதில் நீரை வழிநடத்துவது எளிய பாதி என்பதும், கடினமான பாதி காற்றை வழிநடத்துவது என்பதும் விளங்கும்.

தனித் தொட்டி புதிதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஷெபாய்கன் நகரில் வார்ப்பிரும்பு வேளாண் கருவிகளைச் செய்துவந்த ஜான் மைக்கேல் கோலர், குதிரைக்குத் தண்ணீர் காட்டவும் பன்றியைக் கொதிநீரில் முக்கவும் பயன்பட்ட தொட்டிக்கு 1883இல் எனாமல் பூசி, நான்கு கால்களைப் பொருத்தினால் அது மனிதர் குளிக்கவும் ஆகும் என்று தம் விற்பனைப் பட்டியலில் சேர்த்தார். விலங்கின் நகம் பதித்த பாதங்களைப் போன்ற கால்களோடு அந்தக் காலத்து வீடுகளில் நின்ற வார்ப்பிரும்புத் தொட்டிகளில் குழாய்கள் ஒளிக்கப்படவில்லை. தொட்டியின் வெளிப்புறமாக இறங்கும் பித்தளைக் குழாயும் அடியில் வளைந்து தரைக்குள் புகும் வடிகுழாயும் எல்லோர் கண்ணிலும் பட்டன. கசிவு ஏற்பட்டால் பிளம்பர் தரையில் படுத்துக் கையை நீட்டினால் போதும். அடியில் சேரும் அழுக்கைத் துடைப்பது தொல்லை என்பதால் 20ஆம் நூற்றாண்டில் சுவரோடு பதித்த தொட்டிகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. அண்மைப் பத்தாண்டுகளில் தனித் தொட்டி திரும்பி வந்தபோது கால்களை விட்டுவிட்டு வந்தது. அக்ரிலிக் என்னும் நெகிழி வகையால் இரட்டைச் சுவராகச் செய்யப்பட்டு, வெளிச்சுவர் தரைவரை இறங்கிவிடும் இன்றைய தொட்டிக்கு அடியில் விரல் நுழையவும் இடமில்லை. அழகு கூடியது, பிளம்பரின் கை எட்டும் தூரம் குறைந்தது.

எந்தக் குளியல் தொட்டிக்கும் இரண்டு துளைகள் உண்டு. அடியில் இருப்பது வடிவாய். விளிம்புக்குச் சில விரற்கிடை கீழே பக்கச் சுவரில் இருப்பது வழிவாய், அதாவது பிளம்பர்கள் ஓவர்ஃப்ளோ என்று சொல்லும் துளை. ஏரிக்கு மதகும் கலிங்கும் எவ்வாறோ, தொட்டிக்கு இவை இரண்டும் அவ்வாறே: முன்னது வேண்டும்போது திறக்கப்படுவது, பின்னது நீர் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் யாரும் திறக்காமலே வேலை செய்வது. ஏரியில் இரண்டின் நீரும் வெவ்வேறு கால்வாய்களில் போகலாம். தொட்டியிலோ இரண்டும் அடியில் ‘டீ’ வடிவ இணைப்பில் ஒன்றாகி, ஒரே குழாயாகக் கீழிறங்கி, டிராப் எனப்படும் வளைவுக்குள் நுழைகின்றன. டிராப் என்பது எப்போதும் சிறிதளவு நீரைத் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்ளும் வளைந்த குழாய். அதைத் தாண்டிய பின் வடிகால் ஏறக்குறையப் படுக்கை நிலையில், ஆனால் வாட்டத்தோடு, ஓடிச் செங்குத்தான பொதுக் குழாயைச் சேர்கிறது; அந்த வழியில் எங்கேனும் கூரைக்கு மேல் திறந்திருக்கும் காற்றுக்குழாய் ஒன்றும் அதனுடன் இணைய வேண்டும். இந்த வரிசை மாறினால் மிச்சமெல்லாம் கெடும்.

நீர் எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதற்கான விதியை, கலிலியோவின் இறுதி மாதங்களில் அவரோடு தங்கியிருந்த எவாஞ்செலிஸ்டா டோரிசெல்லி 1644இல் வெளியிட்ட நூலில் எழுதினார். ஒரு கலத்தின் அடியில் உள்ள துளையிலிருந்து பாயும் நீரின் வேகம், நீர்மட்டத்தின் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் துளையை அடையும்போது பெறும் வேகத்துக்குச் சமம் என்பது அதன் சாரம். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் அது நொடிக்கு 2.8 மீட்டர். அமெரிக்காவில் வழக்கமான ஒன்றரை அங்குல, அதாவது 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிவாயில் இந்த வேகம் முழுமையாகக் கிட்டினால் நொடிக்கு 3.2 லிட்டர் வெளியேற வேண்டும். ஆனால் துளையை நெருங்கும் நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வளைந்து வந்து ஒடுங்கிப் பாய்வதால், எளிய துளையொன்றில் ஏறத்தாழ 60 விழுக்காடே உண்மையில் கிடைக்கும். அந்தக் கணக்கின்படி 200 லிட்டர் கொண்ட தொட்டி காலியாக மூன்றரை நிமிடம் ஆகும். சல்லடை, வளைவு, குழாயின் உராய்வு எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். நீர் குறையக் குறைய வேகமும் குறைவதால், செங்குத்தான பக்கங்களைக் கொண்ட தொட்டியில் நீரின் முக்கால் பங்கு பாதி நேரத்தில் போய்விட, கடைசிக் கால் பங்குக்கு மீதிப் பாதி நேரமும் தேவைப்படுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் நீரை வடிவாய்க்கு இழுத்துச் செல்வது தொட்டியின் அடித்தளத்தில் உற்பத்தியின்போதே வார்க்கப்பட்ட மெல்லிய சரிவு மட்டுமே. ஆகையால் தொட்டியின் விளிம்பில் ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்காமல் நிறுத்தினால், ஒரு மூலையில் சோப்பு நீர் நிரந்தரமாகத் தேங்கும்.

அடைப்பானைத் தூக்கிய முதல் நொடியில் நடப்பது வேறு கதை. அடைப்பானுக்கும் டிராப்பில் நிற்கும் நீருக்கும் இடையே உள்ள குழாயில் காற்று அடைபட்டிருக்கிறது. மேலிருந்து நீர் இறங்க வேண்டுமானால் அந்தக் காற்று எங்கேனும் போயாக வேண்டும். வழிவாய் உள்ள தொட்டியில் அது வழிவாய்க் குழாய் வழியே மேலேறித் துளையின் வெளியே வந்துவிடும். வழிவாய் இல்லாத தொட்டியில் நீர் இறங்கும் அதே துளையில் காற்றும் குமிழிகளாக எதிர்த்து ஏற வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் வடிவாய் சிறிது நேரம் திக்கித் திணறும். வழிவாயின் இந்த இரண்டாம் பயன் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர் அதை மிகைப்படுத்தி, வழிவாய் இருந்தால் தனியே காற்றுக்குழாய் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். வழிவாய் இணைவது டிராப்புக்கு முன்னால். காற்றுக்குழாய் வேண்டியிருப்பது டிராப்புக்குப் பின்னால். இடையில் நீர் நிற்பதால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய இயலாது.

வடியும் தொட்டியின் சுழலைப் பற்றியும் ஒரு சொல். புவியின் சுழற்சியால் வடகோளத்தில் நீர் இடஞ்சுழியாகவும் தென்கோளத்தில் வலஞ்சுழியாகவும் வடியும் என்ற செய்தி பள்ளிக்கூடங்களில்கூடச் சொல்லப்படுகிறது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷபீரோ 1962இல் இதைச் சோதித்தபோது, 1.8 மீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட வட்டத் தொட்டியை நிரப்பி, அதன் அசைவுகள் அடங்க ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் காத்திருந்து, நடுவில் இருந்த மிகச் சிறிய துளையைத் திறக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், அதுவும் வடிதலின் பிற்பகுதியில், இடஞ்சுழி தென்பட்டது. 1965இல் சிட்னியில் லாயிட் டிரெஃபெதனும் உடன் பணியாற்றியோரும் அதே போன்ற சோதனையில் வலஞ்சுழியைக் கண்டனர். ஆக விதி உண்மை. ஆனால் குளியலறைத் தொட்டிக்கு அது பொருந்தாது. அவ்வளவு மெதுவான ஓட்டத்தில் புவிச் சுழற்சியின் விளைவு புவியீர்ப்பில் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்பதால், குளித்தவர் எழுந்தபோது எஞ்சிய அசைவும் தொட்டியின் வடிவமுமே சுழலின் திசையைத் தீர்மானிக்கின்றன. பிளம்பருக்கு அந்தத் திசையால் ஆவது ஒன்றுமில்லை. சுழலின் நடுவே வடிவாய்க்குள் இறங்கும் காற்றுத் தண்டுதான் அவருடைய கவலை. அது நீர் செல்ல வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு வடிதலைத் தாமதப்படுத்துவதோடு, தொட்டியின் கடைசி நிமிடங்களுக்கே உரிய அந்த உறிஞ்சொலியையும் எழுப்புகிறது. வடிவாயின் குறுக்கே உள்ள சிலுவைக் கம்பிகள் முடியைத் தடுப்பதோடு இந்தச் சுழலையும் ஓரளவு உடைக்கின்றன.

வழிவாயின் திறன் பெரும்பாலும் அதிகமாக மதிப்பிடப்படுகிறது. அடியில் உள்ள வடிவாயின் மேல் 40 சென்டிமீட்டர் நீர் அழுத்துகிறது. வழிவாயின் மேல் அழுத்துவதோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே, ஏனெனில் அதற்கு மேல் ஏறினால் நீர் விளிம்பை நெருங்கிவிடும். 38 மில்லிமீட்டர் வட்டத் துளையின் மையத்துக்கு மேல் 2 சென்டிமீட்டர் நீர் நின்றால், டோரிசெல்லியின் விதிப்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 லிட்டர் வெளியேறும். ஆனால் இன்றைய தனித் தொட்டிகளில் வட்டத் துளை அழகைக் கெடுக்கிறது என்று மெல்லிய நீள்பிளவாக வழிவாயை அமைக்கும் வழக்கம் பரவியுள்ளது. 60 மில்லிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பிளவின் மேல் 3 சென்டிமீட்டர் நீர் நின்றாலும் வெளியேறுவது நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டரே. தனித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து எழும் பெரிய குழாய்கள் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேலும் ஊற்றக்கூடியவை. குழாயைத் திறந்துவிட்டு மறந்தவரை அந்தப் பிளவு காப்பாற்றாது. வெள்ளத்தைச் சிறிது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தொட்டியையும் குழாயையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே அரிது.

மனித உடலின் கணக்கும் உண்டு. உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது என்பதால், 65 கிலோகிராம் எடையுள்ளவர் கழுத்தளவு மூழ்கினால் ஏறத்தாழ 60 லிட்டர் நீர் இடம்பெயர்கிறது. வழிவாய் மட்டம்வரை நிரப்பிய தொட்டியில் அவர் சில நொடிகளில் இறங்கினால், அந்த நீரை வெளியேற்ற எந்த வழிவாய்க்கும் நேரமிராது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த ஆர்க்கிமிடீஸ் கதை உண்மையாகவே நடந்திருந்தாலும், அந்தத் தொட்டிக்கு ஒரு வழிவாய் இருந்திருப்பின் தரை நனைவது சற்றும் குறைந்திராது. வழிவாய் குழாய்க்காக அமைந்தது, குளிப்பவருக்காக அன்று.

வழிவாயின் இன்னொரு குணம், அதன் பழுது வெகு காலம் வெளியே தெரியாமல் இருப்பது. இரட்டைச் சுவர்த் தொட்டியில் வழிவாய் நீர் இறங்கும் குழாய் இரு சுவர்களுக்கும் இடையே மறைந்திருக்கிறது. அதன் ரப்பர் வாஷர் விலகியிருந்தாலும், அடி இணைப்பு தளர்ந்திருந்தாலும், நீர் அந்த மட்டத்தைத் தொடாதவரை எதுவும் கசியாது; ஆண்டுகள் கழித்து ஒருநாள் தொட்டி நிரம்பி வழியும்போதுதான், அதாவது அது தேவைப்படும் ஒரே நாளில்தான், கீழ்த்தளத்தின் கூரையில் ஈரம் படரும். அதனால்தான் தொட்டியை இடத்தில் நிறுத்தும் முன்பே உயர்த்தி வைத்து, வழிவாய் வழியே நீர் ஓடும்வரை நிரப்பி, ஒவ்வொரு மூட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பதை அனுபவமுள்ளவர்கள் விடாமல் செய்கின்றனர். செம்பு, கல், கல்தூள் கலந்த பிசின் ஆகியவற்றால் ஆன சில தொட்டிகள் வழிவாயே இல்லாமல் விற்கப்படுகின்றன. அவற்றைப் பொருத்த எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்பதில் கட்டட விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

இனி டிராப். 1775இல் லண்டனில் தொழில் செய்துவந்த கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் கம்மிங், கழிப்பறைக் கலத்தின் அடியில் எஸ் எழுத்தைப் போல வளைந்த குழாயை வைத்துக் காப்புரிமை பெற்றார். வளைவில் தேங்கும் நீர், சாக்கடையிலிருந்து மேலேறும் வளிகளை வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. அந்த வளிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் அம்மோனியாவும் இருக்கக்கூடும்; முதலாவதன் அழுகிய முட்டை நாற்றத்தை மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுகொள்கிறது. கதவோ வால்வோ அசையும் உறுப்போ இல்லாத இந்தத் தடுப்பை நீர்ப்பூட்டு என்று அழைக்கலாம். தமிழ்நாட்டில் வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வீடுகளில், குளியலறைத் தரையின் மூலையில் சல்லடைக்கு அடியே இருக்கும் ஃப்ளோர் டிராப் இதே வேலையைச் செய்கிறது. குளியல் தொட்டிக்கான நீர்ப்பூட்டின் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர். அந்த உயர நீர் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 490 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதித் தொகுப்பு, டிராப்பின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஓர் அங்குல நீர்மட்டத்துக்கு மேல் போகாதபடி வடிகால் முழுவதும் அமைய வேண்டும் என்று கோருவது இதனால்தான். காற்று அவ்வளவு சிறிதே அசையலாம். அசைந்தால் பூட்டு திறந்துவிடும்.

பூட்டு திறப்பதற்குப் பெருங்காரணம் சைஃபன் என்னும் உறிஞ்சல். வளைந்த குழாயின் வெளியேறும் கை முழுவதும் நீரால் நிரம்பி, அதன் மறுமுனை தாழ்வாக இருந்தால், கீழே விழும் நீர் தன் பின்னால் இருப்பதையும் இழுத்துச் செல்லும். இழுப்பு நின்றபின் டிராப்பில் தேங்கியிருக்க வேண்டிய நீரும் சேர்ந்து போயிருக்கும். கம்மிங்கின் எஸ் வளைவுக்கு இருந்த குறை இதுவே: வளைவைத் தாண்டியதும் குழாய் நேராகக் கீழே விழுவதால் அது தன் பூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இன்றைய அமெரிக்க விதிகள் எஸ் வளைவைத் தடை செய்து, வளைவுக்குப் பின் படுக்கையாக நீண்டு காற்றுக்குழாயைச் சந்திக்கும் பி வளைவை வலியுறுத்துகின்றன. அந்தப் படுக்கைக் கை எவ்வளவு நீளலாம் என்பதில் ஓர் அழகிய வடிவியல் இருக்கிறது. ஒன்றரை அங்குலக் குழாய் அடிக்குக் கால் அங்குல வாட்டத்தில் ஓடினால், ஆறடி தூரத்தில் அது தன் விட்டத்தின் அளவுக்கு, அதாவது ஒன்றரை அங்குலம், தாழ்ந்திருக்கும். அந்த இடத்துக்கு அப்பால் காற்றுக்குழாயின் வாய், டிராப்பிலிருந்து நீர் வழியும் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால், நிரம்பி ஓடும் நீருக்கு மேலே காற்று நுழைய வழியின்றிச் சைஃபன் உருவாகிறது. ஒரு தொகுப்பில் ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஆறடியும் இரண்டு அங்குலக் குழாய்க்கு எட்டடியும் எல்லையாக விதிக்கப்பட்டிருப்பது இந்தக் கணக்கின் வழியே வந்தது. வேறொரு தொகுப்பு இன்னும் கண்டிப்பாக ஒன்றரை அங்குலக் குழாய்க்கு மூன்றரை அடியோடு நிறுத்திவிடுகிறது. வாட்டத்தைக் கூட்டினால் நீர் விரைந்தோடும், நல்லதுதானே என்று எண்ணும் கொத்தனார்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வாட்டம் கூடினால் அனுமதிக்கப்பட்ட நீளம் குறையும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

இந்த வகையில் குளியல் தொட்டிக்குப் பிற கலன்களுக்கு இல்லாத ஒரு நற்பேறு உண்டு. முகம் கழுவும் பேசினின் அடி கிண்ணம்போல் குவிந்திருப்பதால், அதன் நீர் ஒரே மூச்சில் இறங்கி முடிந்துவிடும். உறிஞ்சப்பட்ட பூட்டை நிரப்பப் பின்னால் நீர் வராது. தொட்டியின் அடி அகன்று தட்டையாக இருப்பதால், பெருமளவு வடிந்த பிறகும் மெல்லிய நீரோட்டம் சிறிது நேரம் வழிந்துகொண்டே இருந்து டிராப்பை மீண்டும் நிரப்பிவிடுகிறது. பிரிட்டனின் கட்டட வழிகாட்டி பேசினுக்கு 75 மில்லிமீட்டர் நீர்ப்பூட்டைக் கோரும் இடத்தில் தொட்டிக்கு 50 மில்லிமீட்டரோடு நிறைவடைவதற்குப் பின்னால் இந்த இயல்பு இருக்கிறது. தொட்டியின் வடிதல் மெதுவாகும் கடைசி நிமிடங்கள், குளித்தவருக்குச் சலிப்பூட்டினாலும், டிராப்புக்கு வேண்டியவை.

தனித் தொட்டியின் சிக்கல் இங்கேதான் கூர்மையாகிறது. காற்றுக்குழாய் மேலேறச் சுவர் வேண்டும். தொட்டியோ சுவரை விட்டு விலகி நிற்பதற்காகவே வாங்கப்படுகிறது. சுவர் ஐந்தாறு அடிக்குள் இருந்தால் படுக்கைக் கையை அதுவரை நீட்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் குழாயை இரண்டு அங்குலமாகப் பெரிதாக்கிக் கூடுதல் தூரத்தைப் பெறலாம், அல்லது அருகிலுள்ள பேசினின் காற்றுக்குழாயை இரண்டுக்கும் பொதுவாக்கிக்கொள்ளலாம். பின்னதில் ஒரே குழாய் ஒரு கலனுக்கு வடிகாலாகவும் மற்றதற்குக் காற்றுவழியாகவும் இருப்பதால் அளவுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். உள்ளே காற்றை இழுக்கும்போது மட்டும் திறந்து மற்ற நேரங்களில் மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வும் உண்டு. 1970களில் ஸ்வீடனில் உருவான இது கூரைவரை குழாய் ஏற்றும் வேலையை மிச்சப்படுத்துகிறது என்றாலும், அசையும் ரப்பர் உறுப்பைக் கொண்டது. என்றேனும் ஒருநாள் பழுதாகும். அதைத் தரைக்கு அடியில் புதைத்துவிடுவது, மாற்றவே முடியாத இடத்தில் மாற்ற வேண்டிய பொருளை வைப்பதாகும். எல்லாவற்றிலும் எளிய தீர்வு தொட்டியைச் சுவரை நோக்கி இரண்டடி நகர்த்துவது. அறையை வரைந்தவர் அதற்கு ஒப்புவது அரிது.

தரைக்குள் நடக்கும் வேலை தொட்டி வந்து சேர்வதற்கு முன்பே முடிய வேண்டும். மரத் தரையுள்ள வீடுகளில் டிராப் இரண்டு விட்டங்களுக்கு நடுவே தொங்கும். தொட்டியின் வடிவாய் விட்டத்துக்கு நேர் மேலே அமைந்துவிட்டால், விட்டத்தை வெட்டுவதா தொட்டியை நகர்த்துவதா என்ற கேள்வி எழும். விட்டத்தை வெட்டலாகாது. காங்கிரீட் தளத்தில், ஊற்றும்போதே சதுரமாக ஒரு குழியை விட்டு, டிராப்பை அதற்குள் அமைக்கின்றனர். வடிவாயிலிருந்து டிராப்பின் நீர்மட்டம்வரை உள்ள செங்குத்து உயரம் அமெரிக்க விதியில் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஏனெனில் உயரம் கூடினால் விழும் நீரின் உந்துவிசையே பூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கை எட்டாத அடி இணைப்புக்கு இன்று பரவலாகப் பயன்படுவது செருகு முறை: தரை மட்டத்தில் ரப்பர் வளையங்கள் பதித்த ஒரு கூடு முன்கூட்டியே பொருத்தப்பட, தொட்டியின் அடியிலிருந்து தொங்கும் வழுவழுப்பான பித்தளைக் குழாய், தொட்டியை இறக்கும்போது அதற்குள் நேராகப் போய் அமர்கிறது. திருகு, பசை எதுவும் இல்லை. இந்த இணைப்பு சிறிது அசைய இடம் தருவதும் தற்செயலன்று. நீரும் மனிதரும் சேர்ந்த தொட்டியின் எடை 250 கிலோகிராமைத் தாண்டும்போது அக்ரிலிக் அடி சற்றே தாழும். வெந்நீர் ஓடும் பிவிசி குழாய் இரண்டு மீட்டர் நீளத்தில், 30 பாகை வெப்ப உயர்வுக்கு, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். இறுக ஒட்டப்பட்ட இணைப்பு அந்த அசைவை நாள்தோறும் தாங்க முடியாமல் விரிசல் விடக்கூடும். வடிவாயின் விளிம்பை அடைக்கப் பழைய பிளம்பர்கள் விரும்பும் எண்ணெய்ப் புட்டி வார்ப்பிரும்புக்கு ஏற்றது. அக்ரிலிக்கை அது அரிக்கும், பளிங்கில் கறை ஏற்றும். அங்கே சிலிகானோ ரப்பர் வாஷரோதான் சரி.

வடிகாலுக்குப் புறம்பாகத் தோன்றினாலும் குழாயின் மூக்கு எங்கே முடிகிறது என்பதும் இந்தக் கதையில் சேரும். பழைய வார்ப்பிரும்புத் தொட்டிகள் பலவற்றில் நீர் உள்ளே வரும் வாய் விளிம்புக்குக் கீழே, பக்கச் சுவரிலேயே இருந்தது. தொட்டி நிறைந்திருக்கும் வேளையில் தெருக் குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், குளித்த நீர் அந்த வாய் வழியே குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படலாம். 1933இல் உலகக் கண்காட்சி நடந்த சிகாகோவில் இரண்டு விடுதிகளின் குறைபாடுள்ள குழாய் அமைப்பில் கழிவுநீர் குடிநீரோடு கலந்ததால் அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் உயிரிழந்தனர். குடிநீரும் கழிவுநீரும் எந்த வழியிலும் சந்திக்கக் கூடாது என்ற விதிகள் அமெரிக்காவில் இறுகியதற்கு அந்த நிகழ்வு ஒரு பெருங்காரணம். இன்று குழாயின் மூக்குக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே வெற்றிடைவெளி இருக்க வேண்டும் என்பது கட்டாயம். இங்கும் காப்பு வேலை செய்வது ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் காற்றுதான். பழம்பொருள் கடையில் தொட்டியை வாங்கி அதன் பழைய வாயையே அப்படியே இணைக்க விரும்புவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் நீர்ப்பூட்டுக்கு ஓர் எதிரி எஞ்சியிருக்கிறது: பயன்படுத்தாமை. விருந்தினர் அறையில் அழகுக்காக நிறுத்தப்பட்டு, மாதக்கணக்கில் நீர் காணாத தொட்டியின் டிராப்பில் இருக்கும் நீர் சிறுகச் சிறுக ஆவியாகிவிடும். வழிவாயின் வழியே மேலும் கீழும் போய்வரும் காற்று அதை விரைவுபடுத்தும். உலர்ந்த டிராப்பால் என்ன நேரும் என்பதை 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் உள்ள அமோய் கார்டன்ஸ் அடுக்ககம் காட்டியது. அங்கே 300க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் தொற்றியது. பாதிப்பு மிகுந்திருந்த கட்டடத்தில் குளியலறைத் தரை வடிகால்களின் டிராப்கள் பல வறண்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். தரையை நீரூற்றிக் கழுவாமல் ஈரத் துணியால் துடைக்கும் பழக்கத்தால் அவற்றுக்கு நீர் சேரவில்லை. குளியலறைக் காற்றை வெளியேற்றும் மின்விசிறிகள் சுழன்றபோது அறைக்குள் அழுத்தம் குறைந்து, பொதுக் கழிவுக் குழாயிலிருந்த நுண்துளிகள் வறண்ட டிராப்கள் வழியே உள்ளே இழுக்கப்பட்டன என்பதே பரவலுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் முதன்மையானது. அதன்பின் ஹாங்காங் சுகாதாரத் துறை வீட்டாருக்குச் சொல்லிவரும் அறிவுரை, ஒவ்வொரு வடிகால் வாயிலும் வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் நீர் ஊற்ற வேண்டும் என்பது. நீண்ட நாள் பூட்டி வைக்கப்படும் வீடுகளில் அந்த நீரின் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயையும் விட்டால், மிதக்கும் எண்ணெய்ப் படலம் ஆவியாவதைப் பெருமளவு குறைக்கும்.